கோகிலவாணியின் குருதி யாருக்குச் செய்தி சொன்னது?

வாருங்கள்! வாசலிலேயே நின்றுவிடாதீர்கள், உள்ளே வாருங்கள்! ஒரு பெண்ணின் உடலிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் எடுக்கப்படுகிறது. அந்தச் சொட்டு பேசுகிறது. அது பேசியதை அவள் கணவன் அறிவான், மகள் அறிவாள், மகளின் கணவன் அறிவான், மகளின் மாமியார் அறிவார், அவர் வாயிலாக அவருடைய யோகா வகுப்பு முழுவதும் அறியும். அறியாதவர் உலகில் ஒரே ஒருவர்தான். அந்த இரத்தத்துக்கு உரியவள்! இந்தக் கொடுமைக்கு என்ன பெயர் சூட்டினார்கள் தெரியுமா? பரிவு! ஆம், பரிவு! கண்ணைக் கட்டிவிட்டு, கட்டிய துணி பட்டுத் துணி என்று பெருமை பேசிய காலத்தை வந்து பாருங்கள்!

இரண்டாயிரத்து ஐம்பத்தெட்டாம் ஆண்டு. கோயம்புத்தூர். கணபதிப் பகுதியின் பம்பு பவுண்டரி ஒன்றில் முப்பது ஆண்டு மணலோடு மல்லாடியவள் கோகிலவாணி. பம்பின் வயிற்றுக்குள் நீர் சுழல இடம் வேண்டுமல்லவா? அந்த இடத்தின் உருவை முதலில் மணலில் பிடித்து, அதைச் சுற்றி உருகிய இரும்பை ஊற்றுவார்கள். இரும்பு ஆறியதும் உள்ளிருக்கும் மணலைத் தட்டி உதிர்ப்பார்கள். இரும்பை ஊற்ற இயந்திரம் வந்தது; எடுத்து அடுக்க இயந்திரம் வந்தது; மணலைத் தட்டி உதிர்க்க மட்டும் எந்த மேதைக்கும் இயந்திரம் தோன்றவில்லை. பெண்கள் இருக்கிறார்களே! மூச்சில் ஏறிய தூசி ஐம்பத்தாறாம் வயதில் அவள் வலது நுரையீரலில் கட்டியாக அமர்ந்தது. வாழ்நாளில் ஒரு பீடியைப் பற்ற வைத்தறியாதவள் அவள். ஆனாலும் பக்கத்து வீட்டார் அவளைப் பார்க்கும்போதெல்லாம் மூக்கைச் சுருக்கி மோந்து பார்த்தார்கள்.

மருத்துவம் அவளைக் கைவிடவில்லை. அதை நான் மறைக்க மாட்டேன். மேற்கையில் ஒட்டிய சாந்துப்பொட்டு அளவு வில்லை ஒன்று, வாரந்தோறும் ஒரு சொட்டு இரத்தத்தை உறிஞ்சி, கட்டி தன்னிடமிருந்து உதிர்த்த துண்டுகள் அதில் எத்தனை மிதக்கின்றன என்று எண்ணிச் சொல்லும். அறுவை இல்லை, குகை போன்ற எந்திரத்துக்குள் மூச்சடக்கிப் படுக்க வேண்டியதில்லை. அற்புதமான கருவி! ஆனால் அந்த எண் யாருக்குப் போயிற்று?

இங்கேதான் பரிவு வாரியம் வருகிறது. நோயாளியின் உள்ளம் மென்மையானது, எண்ணைக் கேட்டால் நொறுங்கிவிடும் என்று பதினான்கு பெரியவர்கள் பஞ்சு மெத்தை நாற்காலிகளில் அமர்ந்து முடிவு செய்தார்கள். ஆகவே எண் நோயாளியின் உறவினர் ஒருவருக்கு மட்டும் போகும். அவருக்குப் பரிவாளர் என்று பெயர். நோயாளியின் செல்பேசிக்கு? ஒரு தாமரைப் பூவின் படம் போகும்! எண் ஏறினாலும் தாமரை, இறங்கினாலும் தாமரை. சாகக் கிடப்பவருக்கும் தாமரை!

ஆனால் மனிதர்கள் மண்ணாங்கட்டிகள் அல்லர். மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், வெள்ளிக்கிழமைதோறும் வில்லை மாற்றிக்கொள்ளவும் குழாயில் மருந்து ஏற்றிக்கொள்ளவும் மண்டபத்தில் கூடும் பதினெட்டு நுரையீரல் நோயாளிகள், வாரியத்துக்கு எட்டாத ஓர் அறிவியலைக் கண்டுபிடித்திருந்தார்கள். வீட்டாரின் அன்பை அளந்து எண்ணைக் கணிக்கும் அறிவியல்! அதன் தலைமை விஞ்ஞானி திலீபன். கல் உடைக்கும் கிரஷரில் நாற்பது ஆண்டு தூசி தின்றவர், அறுபத்தெட்டு வயது, வாய் ஓயாதவர்.

“எம்பையன் நேத்து என்ற செருப்பக் கழுவி வெச்சிருக்கானுங்க,” என்றார் ஒரு கிழவர்.

“அட சாமி! செருப்பையா?”

“ரெண்டையும்.”

“ஒத்தைச் செருப்புன்னா எறநூறுன்னு சொல்லுவேன். ரெண்டும்னா நானூறுக்குக் கொறையாது,” என்று திலீபன் தீர்ப்பு வழங்கினார். “மருமக ஏதாச்சும்?”

“ரசத்துக்கு அப்பளம் வேணுமான்னு கேட்டா.”

“போச்சு!”

மண்டபமே உச்சுக் கொட்டிற்று. உச்சுக் கொட்டி முடித்ததும் சிரித்தது. சிரிப்பு இருமலாயிற்று, இருமல் அடங்கியதும் மறுபடி சிரிப்பாயிற்று.

கோகிலவாணியின் பக்கத்து நாற்காலி ஷர்மிளா பானுவுடையது. உக்கடத்துக்காரி, ஐம்பது வயது, தையற்கூடம் நடத்துபவள். அவள் வீட்டில் யாரும் அவளைச் சீராட்டவில்லை. மகன் அவளோடு இட்லிக்குச் சட்னியா சாம்பாரா என்று இன்னும் சண்டை பிடித்தான். “எங்கூட்ல இன்னும் திட்டு விழுகுதுக்கா, அல்லா புண்ணியத்துல,” என்பாள் பெருமையாக.

கோகிலவாணிக்கோ தை மாதம் முழுவதும் கலக்கம். அவள் கணவன் பூபதி மோட்டார்களுக்குச் செப்புக் கம்பிச் சுருள் கட்டும் கடைக்காரர். முப்பத்திரண்டு ஆண்டு இல்லறத்தில் அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு கொடுத்தறியாதவர், கட்டிலுக்கே தேநீர் கொண்டுவந்தார். அதில் இஞ்சி வேறு! அவள் அந்தத் தேநீரைக் கண்டு நடுங்கினாள். பிப்ரவரி இருபத்து மூன்றாம் தேதி, சனிக்கிழமை காலை, அதே பூபதி தட்டைத் தள்ளிவிட்டு முழங்கினார்.

“சட்னியா இது? உப்புக் கெடங்குல தேங்காய் விழுந்த மாதிரி இருக்குது!”

கோகிலவாணிக்குக் கண்ணில் நீர் தளும்பிற்று. ஆனந்தக் கண்ணீர்! திட்டுகிறார்! எண் இறங்கிவிட்டது! மறுநாள் அவள் அண்ணனைப் பழித்தார். அவள் உள்ளுக்குள் குதித்தாள். திங்களன்று மின்விசிறியை அணைக்கவில்லை என்று குதியாய்க் குதித்தார்; அவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பாட்டுப் பாடினாள். அடுத்த வெள்ளியன்று பதினெட்டுப் பேருக்கும் தேங்காய் பன் வாங்கிவந்து பங்கு வைத்தாள்.

“எந்த மாதிரித் திட்டு?” என்று திலீபன் விசாரித்தார்.

“என்ற அண்ணனை இழுத்துத் திட்டுனாருங்க!”

“பொறந்த ஊட்டையே இழுத்துட்டாரா? அப்படின்னா பூச்சியமாத்தான் இருக்கோணும். வாழ்த்துக்கள் அம்முணி!”

அன்பர்களே, அந்த மகிழ்ச்சி பதின்மூன்று நாள் உயிரோடிருந்தது. மார்ச் ஏழாம் தேதி, வியாழக்கிழமை, துவைக்கப் போட்ட பூபதியின் சட்டைப் பையில் அவள் கைவிட்டாள். தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்கள் சில, நான்காய் மடித்தபடி வந்தன. நூற்றாண்டு பாதி தேய்ந்தும் எங்கள் ஊரில் அந்தக் காலண்டர் மட்டும் தேயவில்லை. தாள்களின் பின்புறம் பூபதியின் கையெழுத்து:

“23 சனி: சட்னி, உப்பு. 24 ஞாயிறு: அவள் அண்ணன், தன் மைத்துனன் கல்யாணத்தில் என்னை மேடைக்குக் கூப்பிடாதது. 25 திங்கள்: ஃபேன். 26 செவ்வாய்: மறுபடியும் சட்னி, வேறு கோணம். 27 புதன்: ஓய்வு.”

இப்படியே ஓடிற்று பட்டியல். இன்றைய தேதிக்கு நேராக “ஸ்பேனரைக் காணோம்” என்றிருந்தது. கடைசித் தாளில், மகள் பெயரோடு: “மார்ச் 24 ஞாயிறு: இனியா வளைகாப்பு. 25 திங்கள்: சொல்லணும். எப்படி?” அந்த ‘எப்படி’யின் கீழே இரண்டு கோடுகள். இரண்டாவது கோடு தாளைக் கிழித்திருந்தது.

திட்டியதெல்லாம் நாடகம்! அவள் அன்பை அளக்கிறாள் என்று தெரிந்துகொண்ட மனிதர், அன்பை ஒளித்து வைக்கத் திட்டைத் தேடி எடுத்திருக்கிறார்!

மாலையில் பூபதி வந்தார். அவள் நேராகக் கேட்டாள்.

“ஏனுங்க, எம்பட எண்ணு என்னாச்சு?”

“தாமரை வந்துதில்ல? பொறவென்ன?” என்றார் அவர், அவள் முகத்தைப் பாராமல். பிறகு மேலே நிமிர்ந்து, “என்ற பத்தாம் நம்பர் ஸ்பேனரை எங்க புள்ள தொலைச்ச?” என்று வீடு அதிரக் கத்தினார்.

மறுநாள் வெள்ளி. மண்டபத்தில் வில்லை மாற்ற வந்த செவிலி எஸ்தரின் மணிக்கட்டைக் கோகிலவாணி பற்றினாள்.

“சிஸ்டர், எண்ணு ஏறுனா என்ன பண்ணுவீங்க?”

எஸ்தர் சுற்றுமுற்றும் பார்த்தாள். எண்ணைச் சொன்னால் அவளுக்கு வேலை போய்விடும்.

“பொதுவாச் சொல்றேன்மா. உங்களுக்குன்னு இல்ல. கட்டியில செல்லுங்க செத்துச் செத்து உதிரும். அதுங்களோட மரபெழுத்து துண்டு துண்டா ரத்தத்துல மிதக்கும். அதைத்தான் வில்லை எண்ணுது.”

“உலையிலருந்து வர்ற பொகையப் பாத்து உள்ள என்ன வேகுதுன்னு நாங்க சொல்லுவமே, அந்த மாதிரியா?”

“அதேதான். மாத்திரை வேலை செஞ்சா எண்ணு எறங்கும். ஆனா கட்டி சும்மா இருக்காது. திடீர்னு வேஷத்தை மாத்திக்கும். அப்ப மாத்திரைக்கு அதை அடையாளம் தெரியாது, எண்ணு ஏறும். ஸ்கேன் படத்துல தெரியறதுக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடியே ரத்தம் சொல்லிரும். எந்த வேஷம்னுகூடச் சொல்லும். அந்த வேஷத்துக்குன்னே தனி ஊசி இருக்கு. எண்ணு ஏறி மூணு வாரத்துக்குள்ள ஆரம்பிச்சா நல்லாப் பிடிக்கும். பரிவாளர் கைரேகை வெச்சாத்தான் ஆரம்பிக்க முடியும்.”

“மூணு வாரம் தாண்டிட்டா?”

எஸ்தர் கோகிலவாணியின் தலையணையை நேராக்கத் தொடங்கினாள்.

“தலகாணியத் தொடாத சிஸ்டர்!” என்று அலறினாள் கோகிலவாணி.

கணக்கைப் பாருங்கள். எண் ஏறியது பிப்ரவரி இருபத்திரண்டு. மூன்று வாரம் முடிவது மார்ச் பதினைந்து. பூபதி வாய் திறக்க நாள் குறித்திருப்பதோ இருபத்தைந்து! இன்று மார்ச் எட்டு. ஏழு நாள்! ஒரு பெண்ணின் உயிருக்கும் ஒரு வளைகாப்புக்கும் இடையில், அவளைக் கேளாமலே, தேதி குறிக்கப்பட்டிருந்தது!

“நேரா வாரியத்துக்கே போயிக் கேட்டா என்ன?” என்றாள் பானு.

“போனா தாமரையப் பெருசாக்கி அனுப்புவாங்க,” என்றார் திலீபன். மருந்து ஏறும் கையை அசைக்காமல், மறு கையால் செல்பேசியில் எதையோ தள்ளிக்கொண்டே போனார். பரிவு விதிகள் நூற்றுப் பன்னிரண்டு பக்கம். மருந்து ஏறும் நேரங்களில் அவற்றை இரண்டு முறை முழுதாய்ப் படித்த ஒரே குடிமகன் அவர்தான். “இங்க பாருங்க. விதி பதினேழு. பரிவாளரை நோயாளி மாத்திக்கலாமாம்.”

“அப்ப நானே எனக்கு இருந்துக்கறேன்!”

“அதுதான் முடியாது. தனக்குத் தானே பரிவாளர் ஆவறது கடுங்குத்தம். ஒறவா இருக்கோணும்.”

“ஒறவெல்லாம் ஒரே கட்சிதானுங்களே அண்ணா.”

“அவசரப்படாத அம்முணி. ஒறவுன்னா என்னன்னு கீழ எழுதியிருக்கு. ‘இரத்தத்தால், திருமணத்தால், அல்லது அந்தந்த வட்டாரத்தின் தொன்மையான சம்பிரதாயத்தால் நிறுவப்பட்டது.’ சம்பிரதாயத்து மேல அவியளுக்கு அவ்வளவு பாசம்!” திலீபனின் கண்கள் மின்னின. “நம்ம வட்டாரத்துல உப்பு சக்கரை மாத்திக்கிட்டா என்ன ஆவாங்க?”

கொங்கு நாட்டில் பெண் உறுதி செய்யும்போது இரு வீட்டாரும் உப்பும் சர்க்கரையும் கைமாற்றிக்கொள்வார்கள். அது கைமாறிவிட்டால் அந்த நொடியிலிருந்து இரு வீட்டாரும் சம்பந்திகள்.

“சம்பந்தி ஆவாங்க!” என்று கத்தினாள் கோகிலவாணி.

“எங்கள்ல அந்தப் பழக்கம் இல்லையேண்ணா,” என்றாள் பானு.

“விதி உன்ற பழக்கத்தைக் கேக்கல பானு. வட்டாரத்தோட பழக்கத்தைத்தான் கேக்குது. நீ எந்த வட்டாரம்?”

“பொறந்தது வளந்தது உக்கடம்.”

“தீந்துச்சு.”

பிறகு நடந்ததை நான் எப்படி விவரிப்பேன்! கேண்டீனிலிருந்து ஒரு பொட்டலம் உப்பும் நாட்டுச் சர்க்கரையும் வந்தன. மருந்துக் குழாய்த் தாங்கிகளை இரண்டு வரிசையாக நிறுத்தி, அவையே வாழைமரங்கள் என்றார்கள். தாம்பாளத்துக்கு மாத்திரைத் தட்டு. புரோகிதர்? எதற்கு! நல்ல நேரம்? வில்லை மாற்றும் நேரம்தான்! எஸ்தர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, “நான் எதையும் பாக்கல. ஆனா சக்கரை வியாதி இருக்கறவங்க வாயில போடாதீங்க,” என்றாள்.

“மாப்பிள்ளை யாருக்கா?” என்று கேட்டாள் பானு, முந்தானையை இழுத்துத் தலையில் போட்டபடி.

“எம்மக வயித்துல ஏழு மாசமா இருக்குது. பொண்ணு?”

“எம்பையனுக்கே இன்னும் பொண்ணு அமையல. அமைஞ்சு, நிக்காஹ் ஆகி, அவனுக்குப் பொறக்கும்.”

“பையனுக்குப் பொண்ணை விட வயசு கூடத்தான் இருக்கும். பொருத்தந்தான்.”

“ஜாதகம் பாக்க வேண்டாமா?” என்றது ஒரு குரல்.

“ரெண்டு பேருக்கும் பொறந்த நேரமே இல்ல,” என்றார் திலீபன். “எந்த தோசமும் அண்டாது. மாத்துங்க தட்டை!”

தட்டு மாறிற்று. பதினெட்டுப் பேர் ஒன்பது சோடிகளாகச் சம்பந்தியானார்கள். மூன்று மதத்தார், எத்தனையோ சாதியார். ஒருவர் வீட்டுக் கிணற்றில் இன்னொருவரின் பாட்டனார் வாளி இறக்க முடியாதிருந்த குடும்பங்கள் அதில் இரண்டு இருந்தன. அவர்கள் ஒருவர் உள்ளங்கையில் மற்றவர் உப்பைக் கொட்டினார்கள். கையில் ஊசி குத்தியிருந்ததால் கவனமாகக் கொட்டினார்கள். எத்தனை மேடைகளில் எத்தனை தொண்டைகள் வற்றக் கேட்டும் கிடைக்காதது, கேண்டீன் உப்பில் கிடைத்தது! திலீபன் படம் எடுத்தார், சாட்சி போட்டார், அனுப்பினார். பதினெட்டுச் செல்பேசிகளும் ஒருசேரக் கிணுகிணுத்தன.

“வாழ்த்துகள்! தாங்கள் பரிவாளர் ஆகிவிட்டீர்கள். எண்ணை நோயாளியிடம் சொல்வது தண்டனைக்குரியது.”

கோகிலவாணி தன் செல்பேசியைத் திறந்தாள். பானுவின் எண் அதில் இருந்தது.

“மூணு! பானு, மூணே மூணுடி! உனக்கு ஒண்ணுமில்ல!” அவள் நாற்காலியிலிருந்து துள்ளினாள், குழாய் இழுத்து மறுபடி உட்கார வைத்தது. “உங்கூட்ல திட்டுனது நெசமான திட்டுடி! எனக்கு? எனக்கு என்ன?”

பானு தன் கையிலிருந்த திரையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“நல்லாத்தான் இருக்குக்கா,” என்றாள்.

“எத்தனைன்னு சொல்லு.”

“நல்லாத்தான் இருக்கு. உங்க சேலைக் கலரு எடுப்பா இருக்குதுக்கா. தண்ணி குடிக்கறீங்களா?”

சொல்லிக்கொண்டே அவள் குனிந்தாள். கோகிலவாணியின் காலடியில் தாறுமாறாகக் கிடந்த செருப்புகளை எடுத்து, தூசியை முந்தானையால் தட்டி, சோடி சேர்த்து வைத்தாள்.

கோகிலவாணி நிமிர்ந்து மண்டபத்தைப் பார்த்தாள். என்ன கண்டாள் தெரியுமா? சத்தம் போட்டுக் களித்த மண்டபம் சத்தமற்றிருந்தது. ஒருவர் தம் சம்பந்திக்குப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டிருந்தார். ஒருத்தி தன் பங்குப் பிஸ்கட்டை இன்னொருத்தியின் மடியில் வைத்தாள். வாய் ஓயாத திலீபன், பக்கத்து நாற்காலிக்காரரின் முதுகை மெல்லத் தடவிக்கொண்டிருந்தார். உண்மை வேண்டும் என்று ஒரு நாழிகைக்கு முன் முழங்கிய கூட்டம், உண்மை கைக்கு வந்ததும் அதை மடியில் மறைத்துக்கொண்டது! வாரியத்தின் பதினான்கு நாற்காலிகளையும் இங்கேயே கொண்டுவந்து போட்டுவிட்டார்கள்!

“பானு,” என்றாள் கோகிலவாணி. “நீயுமா?”

“வாய் வரமாட்டேங்குதுக்கா.” பானுவின் உதடு கோணிற்று. “நாக்கு மேல யாரோ உக்காந்திருக்கற மாதிரி இருக்கு. உங்க மூஞ்சியப் பாத்தா வரமாட்டேங்குது.”

“அப்ப மூஞ்சியப் பாக்காத. சொவத்தப் பாத்துச் சொல்லு. எம்பட ரத்தண்டி அது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை எங்கிட்டப் பேசட்டும்.”

பானு சுவரைப் பார்த்தாள். சுவரோரம் எஸ்தர் நின்றிருந்தாள். எஸ்தரும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அறுநூத்திப் பன்னெண்டு,” என்றாள் பானு. “சனவரில நாப்பதாம். பிப்ரவரி இருவத்திரண்டுல எறநூறு. வேஷம் மாத்திருச்சுன்னு போட்டிருக்கு. ஊசிக்குக் கைரேகை வெக்கச் சொல்லி மூணு தடவ கேட்டிருக்காங்க. மூணு தடவையும் ‘பின்னர்’னு அமுக்கியிருக்காங்க.”

அந்த எண் கோகிலவாணியின் நெஞ்சில் வந்து மோதிற்று. அவள் கண்ணை மூடினாள். நொறுங்குவாள் என்று வாரியம் சொல்லிற்றே, நொறுங்கினாளா? வயிற்றிலிருந்து என்னவோ கிளம்பி மேலே வந்தது. சிரிப்பு! “பூச்சியம்னு பன் வாங்கிக் குடுத்தனேடி!” என்று அவள் சிரித்தாள், கன்னத்தில் நீர் ஓட ஓடச் சிரித்தாள். “பதினெட்டு பன்னு!” பானு முதலில் அழுதாள், பிறகு அவளும் சேர்ந்து சிரித்தாள். மெல்ல மெல்ல மண்டபத்தின் மூலை மூலையாக எண்கள் கேட்கத் தொடங்கின. “எழுவது.” “நூத்திப் பத்து.” “அண்ணா, உங்களுக்கு முந்நூத்தி நாப்பதுங்க.” “கிரஷரை விட்டு வந்தும் அது என்னை விடலையாட்டம் இருக்குது!” என்றார் திலீபன். செருப்புக் கிழவர் தமது எண்ணைக் கேட்டுவிட்டு, “பத்தொம்பதா? அப்பறம் எதுக்குடா செருப்பக் கழுவுனான்?” என்று சினந்தார். மகனுக்கு அவரிடம் வேறு ஏதோ காரியம் ஆகவேண்டியிருந்திருக்கிறது!

அப்போது கதவு படாரென்று திறந்தது. பூபதி! கையில் செப்புக் கம்பிச் சுருள், காலில் இரு வேறு செருப்புகள், மூச்சு வாங்குகிறது. “தங்கள் பரிவுப் பணி நிறைவுற்றது, நன்றி” என்ற செய்தி அவருக்குக் கடையில் கிடைத்திருந்தது.

“யாரு? என்னைய நீக்குனது யாரு?”

“நாந்தானுங்க,” என்றாள் கோகிலவாணி.

“எனக்குப் பதிலா வேற யாரு புள்ள இருக்கறா உனக்கு?”

“இந்தாங்க, உங்க சம்பந்தி. ஷர்மிளா பானு.”

சம்பந்தி என்ற சொல் காதில் விழுந்ததும் பூபதியின் இரு கைகளும் தாமாகவே கூம்பின. “வாங்க, வாங்க. ஊட்ல எல்லாரும் சௌக்கியங்களா?” என்று சொல்லி முடித்த பிறகுதான் அவருக்குத் தாம் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. மண்டபம் குலுங்கிற்று.

“அறுநூத்திப் பன்னெண்டுங்க,” என்றாள் கோகிலவாணி.

சிரிப்பு நின்றது. பூபதி அங்கேயே தரையில் உட்கார்ந்தார். செப்புச் சுருள் உருண்டு போயிற்று.

“தெரிஞ்சா நீ ஒடைஞ்சு போயிருவேன்னு நெனைச்சேன் புள்ள.”

“இரும்பு ஊத்தற எடத்துல முப்பது வருசம் நின்னவளுங்க நானு.”

“நாந்தான் ஒடைஞ்சுட்டேன்.” அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ஊசி போட்டாப் பத்து நாளு படுக்கைன்னாங்க. வளைகாப்புல அம்மா இல்லாம எப்படின்னு இனியா அழுதா. அது முடியட்டும், ஒரு நாளாச்சும் நீ சிரிச்சிட்டு இருக்கட்டும்னு தள்ளிப் போட்டோம். தெனமும் காத்தால எந்திரிச்சா, இன்னிக்கு உன்னைய எதைச் சொல்லித் திட்டறதுன்னு… திட்டறதுக்கு உங்கிட்ட ஒண்ணுமே இல்ல புள்ள. கடைக்குப் போயிக் கம்பியச் சுத்திக்கிட்டே யோசிப்பேன்.”

கோகிலவாணிக்குச் சினம் வந்தது. சினத்தோடு அவர் தலையைத் தடவவும் கை எழுந்தது. அவள் சினத்தையே முதலில் பேசவிட்டாள்.

“எம்பட உசுரை எங்கிட்டக் கேக்காமத் தள்ளிப் போட்டீங்க. நாலு பேரு கூடி ஒக்காந்து எனக்கு நாள் குறிச்சீங்க. அஞ்சாவதா என்னைய ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன் தெரியுமுங்களா?”

“என்ன?”

“வளைகாப்பத் தள்ளிப் போடுங்கன்னு சொல்லியிருப்பேன். அந்தப் புள்ள எங்க போவுது? வயித்துலதான இருக்குது! ஒம்பதாம் மாசம் வளையல் கையில ஏறாதா?”

நான்கு பேர் கூடி இரண்டு வாரம் யோசித்தும் இது ஒருவருக்கும் தோன்றவில்லை!

“பானு,” என்றாள் கோகிலவாணி. “இன்னிக்கே ஊசி. வையி கைரேகைய.”

“நீங்க வெக்கச் சொல்றீங்களா?”

“நாஞ் சொல்றேன். எம்பட வாயால நானே சொல்றேன்.”

பானு திரையில் பெருவிரலை அழுத்தினாள். எஸ்தர் சுவரிலிருந்து திரும்பி, எதையும் பார்க்காத முகத்தோடு, படுக்கை விரிக்க ஓடினாள்.

அன்பர்களே! அந்த ஊசி ஏறி மூன்று வெள்ளிகள் கடந்துவிட்டன. அறுநூற்றுப் பன்னிரண்டு, ஐந்நூற்று நாற்பதாகி, இந்த வாரம் நானூற்று எண்பதில் நிற்கிறது. இன்னும் எவ்வளவு இறங்கும், மறுபடி எந்த வேஷம் போடும் என்று ஒருவரும் உறுதி கூற முடியாது. நானும் கூற மாட்டேன். ஆனால் அதை முதலில் கேட்கும் காது அவளுடையது.

வாரியம் என்ன செய்தது? நோயாளிகள் பதினெட்டுப் பேருக்கும், சுவரைப் பார்த்து நின்ற எஸ்தருக்கும், உண்மை பேசிய குற்றத்துக்கு ஓலை அனுப்பியிருக்கிறது. மருத்துவமனை வளாகத்துக்குள் உப்பும் சர்க்கரையும் கொண்டுவரத் தடை விதித்திருக்கிறது! கேண்டீனில் தயிர்ச்சோறு உப்பின்றி வருகிறது! வரும் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. பெருவிரல் அழுத்திய ஷர்மிளா பானு முதல் கூண்டில் நிற்பாள். அவளைத் தனியே நிற்க விடுவீர்களா?

வாருங்கள். ஆயிரமாய் வாருங்கள். ஆனால் அதற்கு முன்னால் உங்கள் வீட்டில் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் சட்டைப் பையில், கைப்பையில் கிடக்கும் செல்பேசியை எடுங்கள். தாயுடையதோ தகப்பனுடையதோ, மனைவியுடையதோ, யாருடைய எண்ணையேனும் அதில் பூட்டி வைத்திருக்கிறீர்களா? இப்போதே எழுந்து அவரிடம் போங்கள். அவர் முகத்தைப் பார்த்தால் வாய் வராது, அறிவேன். கை நடுங்கும், நடுங்கட்டும்.

கொடுங்கள்!